பச்சைக் காருக்கு ஒரு தீயணைப்பான்

2003 ஏப்ரல் 27, ஞாயிறு

பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போனேன். போன இலையுதிர் காலத்தில் எங்கள் பழைய கார் சங்கத்து ஆள் ஒருவனின் கார் நெடுஞ்சாலையில் எரிந்து, ஸ்டியரிங் வளையம் மட்டும் மிஞ்சியது. என் பச்சைக் காரும் அதே வயதுதான், முப்பத்தேழு. பெட்ரோல் ரப்பர் குழாய் எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மேசைக்கு மேசை தீயணைப்பான் என்று அதே சிவப்பு டப்பா. குளியலறையில் வாசனை அடிக்கிற டப்பா அளவு. ஒருவன் என் கையில் திணித்தான்.

"இது கூட இருந்தா நிம்மதியா தூங்கலாம் சார்."

"தூங்கறதுக்கு மெத்தை வாங்கிக்கிறேன். இது எத்தனை விநாடி அடிக்கும்?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படிக்கவும் தெரியாது போல. கம்பளத்துக்குப் பேர்போன எங்கள் கிட்டர்மின்ஸ்டரில் வெட்டுத்துண்டுக் கம்பளத்தைத் தள்ளுவண்டியில் விற்று ஆரம்பித்தவன் நான். என் சரக்கைப் பற்றி எவனாவது கேட்டு நான் முழித்தது கிடையாது. இவனெல்லாம் வியாபாரி.

வாங்கவில்லை.

ஏப்ரல் 29

முக்கியமான கணக்கே வேறு. தீ பிடித்தால் நான் குதித்துவிடுவேன். என் மனைவி ஆவ்ரில்? நவம்பரில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவள். அந்தக் காரின் இருக்கை தரையிலிருந்து ஒரு சாண்.

இன்று கராஜில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இறங்கச் சொன்னேன். கதவைத் திறந்து, உடம்பைத் திருப்பி, ஒரு கால், இன்னொரு கால், கதவுத் தூணைப் பிடித்து எழ — இருபத்திரண்டு விநாடி. மறுபடியும் சொன்னேன். இருபத்திமூன்று. மூன்றாவது முறை கேட்டதும், "இன்னொரு தடவ எறங்கச் சொன்னே, காரை நானே கொளுத்திருவேன் நார்மன்" என்றாள்.

ஆக எனக்கு வேண்டியது தீயை அணைக்கிற டப்பா இல்லை. என் மனைவி வெளியே வருகிற வரை தீயைத் தள்ளி நிறுத்துகிற டப்பா. இதை எந்தக் கடைக்காரனும் எந்தப் பத்திரிகையும் சொல்லவில்லை. எடை, விலை, நிறம் — இதுதான் பேச்சு. நிறமாம்!

மே 3

என் கம்பளக் கிடங்கு முற்றத்தில் பழைய எண்ணெய்த் தட்டில் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து, ரகத்துக்கு ஒன்று வாங்கி வந்த தீயணைப்பான்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். மெக்கானிக் வின் கூட நின்றான். வேல்ஸ்காரன், பாதி வார்த்தையை விழுங்குகிறவன்.

சின்ன டப்பா: ஏழு விநாடி. தும்மல்.

இரண்டு கிலோ தூள்: தீ உடனே செத்தது. ஆனால் பத்தடிக்கு ஒன்றும் தெரியவில்லை. மூடின காருக்குள் அடித்தால் ஆவ்ரில் மூச்சு முட்டியே போய்விடுவாள்.

"தூள் வேணாம் மொதலாளி," என்றான் வின். "அலுமினியத்த அரிச்சிரும். அதோட கார் குலுக்குற குலுக்கல்ல அடியில போயி கட்டி தட்டிரும். மாசா மாசம் தலகீழா ஆட்டணும். யாரு ஆட்டுறா?"

"அந்தப் பச்சை பாட்டில் கேஸ்?"

"அது நல்ல சரக்கு. ஆனா ஓசோனுக்கு ஆகாதுன்னு வருஷக் கடைசிக்குள்ள எல்லாத்தையும் ஒப்படைச்சிரணும்னு சட்டம். அதான் உங்க சங்கத்துல ஆளாளுக்குப் பதுக்குறாங்க."

நுரை, இரண்டு லிட்டர்: பதினெட்டு விநாடி. நான் இறங்கிப் பாட்டில் பின்னை இழுக்க நாலு. கூட்டினால் ஆவ்ரிலின் இருபத்திரண்டு. சரியாக வருகிறது. நுரைதான். முடிந்தது.

மே 11, ஞாயிறு

சங்கக் கூட்டம். தலைவர் லயனல் தன் சாம்பல் காரில் மாட்டியிருக்கும் பித்தளைத் தீயணைப்பானைக் காட்டினார். கைப்பம்பு, கண்ணாடி மாதிரி மெருகு. உள்ளே அந்தக் காலத்துத் திரவம் இன்னும் இருக்கிறதாம். சூடான உலோகத்தில் பட்டால் விஷப்புகை வருகிற சரக்கு அது.

"இதை அடிச்சா தீக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்களே?" என்றேன்.

"அன்பரே, அடிக்கறதுக்கா வெச்சிருக்கேன்? காருக்கும் இதுக்கும் ஒரே வயசு. அதான் அழகு."

நான் தரையில் துளை போட்டு நுரை பாட்டில் மாட்டப் போகிறேன் என்றதும் நாலு பேர் முகம் போன போக்கைப் பார்க்கணும்! ஏதோ கல்லறையைத் தோண்டப் போவதாகச் சொன்ன மாதிரி.

"அசல் கம்பளத்துலயா ஓட்டை போடுவீங்க?" என்றார் லயனல், தன் காரின் கம்பளத்தைத் தடவிக்கொண்டே.

குனிந்து பார்த்தேன். நைலான் கலப்பு. அவர் கார் செய்யப்பட்டு இருபது வருஷம் கழித்து எங்கள் ஊரில் நெய்தது. அந்த ரகத்தை நானே ரோல் ரோலாக விற்றிருக்கிறேன். சொல்லவில்லை. மனிதன் சந்தோஷமாக இருந்தான், இருக்கட்டும்.

மே 20

வின் மாட்டிவிட்டான். ஆவ்ரிலின் இருக்கைக்கு முன்னால், தரையோடு நாலு போல்ட், இரும்புக் கவ்வி. நான் ஓட்டுகிற இடத்திலிருந்து கை எட்டுகிறது.

"என் காலை எங்க வெக்கிறது?"

"கொஞ்சம் ஒதுக்கி வெச்சுக்கோ."

ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

ஜூன் 14

லயனல் தொலைபேசியில். நாளை சங்கத்தின் கார்க் கண்காட்சி, அவரே நடுவர்.

"காலத்துக்குப் பொருந்தாத பொருள் இருந்தா மூணு மதிப்பெண் போகும் அன்பரே. எல்லாரும் கழட்டித் தேநீர்க் கூடாரத்துல வெச்சிருவாங்க. போறப்போ மாட்டிக்கலாம்."

ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. மேசை விரிப்புக்கு அடியில் இருபது முப்பது தீயணைப்பான் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மேலே கேக் தட்டு. வெளியே பெட்ரோல் நிரப்பின கார்கள். இந்த நாட்டில் படித்தவன் எல்லாம் எப்படிப் பிழைக்கிறான்?

ஜூன் 15, ஞாயிறு, காலை

கழற்றினேன். ஒரு மணிநேரம்தானே. போன வருஷம் இரண்டு மதிப்பெண்ணில் கோப்பை போனது.

ஜூன் 16

நேற்று பேனாவை எடுக்கவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

கோப்பை கிடைத்தது. கைதட்டினார்கள். கோப்பையை ஆவ்ரில் மடியில் வைத்துக் கிளம்பினேன். ஆமாம், நுரை பாட்டில் கூடாரத்திலேயே. ஞாபகமே இல்லை. ஞாபகமே இல்லய்யா எனக்கு.

பியூட்லி ஊரைத் தாண்டி மேட்டில் ஏறும்போது பெட்ரோல் வாசனை. அப்புறம் பானெட் இடுக்கில் புகை. நிறுத்தினேன். கையை நீட்டினேன் — வெறும் கவ்வி. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை தடவினேன். கை வைத்தால் முளைத்துவிடும் என்பது போல.

குதித்து ஓடி அவள் பக்கம் போனேன். அந்தக் கவ்வியில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டது. நான் போடச் சொன்ன கவ்வி. "இழுக்காத, இழுக்காத, கால் மாட்டிருக்கு" என்று கத்துகிறாள், நான் இழுக்கிறேன். காலடியில் சூடு வந்துவிட்டது. செருப்பை விட்டுவிட்டு அப்படியே புல்மேட்டில் விழுந்தாள். கையை ஊன்றி விழுந்தாள்.

நான் பானெட்டை முழுக்கத் திறக்கப் போனேன்.

"தொறக்காதீங்க! காத்து உள்ள போனா மொத்தமும் புடிச்சுக்கும்! ஒரு விரல் அளவு போதும், தள்ளுங்க!"

லயனல். பின்னாலேயே வந்திருக்கிறார். உணவுக் கூடையை நடுரோட்டில் எறிந்துவிட்டு, டிக்கியின் அடியிலிருந்து இரண்டு கிலோ தூள் பாட்டிலை எடுத்து வந்தார். பித்தளைப் பம்பு இல்லை, நிஜமானது. அவர் தன்னுடையதை மறக்காமல் கூடாரத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். இடுக்கில் குழாயை நுழைத்து அடித்தார். அணைந்தது.

அழகான சட்டையெல்லாம் வெள்ளைத் தூளோடு என்னைப் பார்த்தார். "உங்களோடது எங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 19

ஆவ்ரிலின் மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் கட்டு. இடுப்பு தப்பித்தது என்றார் மருத்துவர்.

ஆவ்ரில் இன்றுதான் கேட்டாள். "எதுக்குக் கழட்டுன?"

"மூணு மதிப்பெண்."

"அஞ்சு மதிப்பெண்ணாவது இருக்கும்னு நெனச்சேன்."

ஜூன் 20

முப்பத்தைந்து வருஷமாகச் சந்தையில் முட்டாள்களை எண்ணி வந்திருக்கிறேன். எண்ணுகிறவனை எண்ணவில்லை. வேறென்ன எழுத?

ஜூலை 8

வின் வந்து பார்த்தான். குழாய் புதிது, வயர் புதிது. தூள் பட்ட இடமெல்லாம் அலுமினியம் பூத்துப்போய்ப் பொரிப்பொரியாக இருக்கிறது. தேய்த்து மெருகேற்றலாம் என்றான். வேண்டாம், ஓடினால் போதும் என்றேன்.

"வித்துருவீங்களா மொதலாளி?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவ்ரில் உள்ளேயிருந்து வந்தாள். "யாரு விக்கச் சொன்னா? தீயணைப்பான்தான் சரியில்ல. இந்தத் தடவ நான் பாக்குறேன்."

ஆகஸ்ட் 5

கட்டு பிரித்த மூன்றாம் நாள் கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். வாசலில் என்னை நிறுத்திவிட்டு அவளே உள்ளே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எத்தனை விநாடி என்று அவள் கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தாள். பலவீனமான கையால் பின்னை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை என்றால் கீழே வைத்தாள். கடைக்காரனுக்கு வியர்த்துவிட்டது.

என் இரண்டு லிட்டர் நுரையை அவளால் தூக்கவே முடியாது. இத்தனை நாளில் அதை ஒரு தடவைகூட அவள் கையில் கொடுத்துப் பார்க்கவில்லை நான். தீ என்றால் நான் அடிப்பேன், அவள் இறங்குவாள் — இதுதானே என் கணக்கு? நான் மயங்கிக் கிடந்தால்?

ஒரு லிட்டர் நுரை, இரண்டு வாங்கினாள். ஒன்று அவள் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே, இறங்கும்போதே கையோடு வருகிற மாதிரி. இன்னொன்று எனக்கு, என் பக்கம். பழைய கவ்வியை அறுத்தெடுக்கச் சொன்னாள். தரையில் இப்போது ஆறேழு துளை. வின் எண்ணி எண்ணிச் சிரித்தான்.

ஆகஸ்ட் 24

லயனலின் கடிதம். நலம் விசாரிப்பு இரண்டு வரி. கண்காட்சி விதிகளில் மாற்றம் வேண்டுமா என்று குழு விவாதித்ததாம், மரபைக் காக்க வேண்டியிருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாம். செப்டம்பர் ஏழாம் தேதிக்கு விண்ணப்பப் படிவம் இணைத்திருக்கிறார்.

உயிரைக் காப்பாற்றியவரைத் திட்டவும் முடியவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை. ஒரு நல்ல பாட்டில் விஸ்கி அனுப்பினேன். படிவத்தை அனுப்பவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

நல்ல வெயில். ஆவ்ரில் மீன் வறுவலும் சிப்ஸும் வேண்டும் என்றாள். பியூட்லிக்குப் போய் ஆற்றோரம் நிறுத்தினோம். காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். வினிகர் சொட்டி அவள் பக்கத்துக் கம்பளம் நனைந்தது. நான் இன்னொரு சிப்ஸ் எடுத்துக்கொண்டேன்.

தொப்பி வைத்த ஒருவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து உள்ளே பார்த்தார். "இன்னைக்கு அங்க கண்காட்சி நடக்குதே, நீங்க போகலையா?"

"சிப்ஸ் சாப்பிட வந்தோம்," என்றாள் ஆவ்ரில், கடைசித் துண்டை என்னிடம் நீட்டிக்கொண்டே.