பாதியில் நிற்கும் ஊசி

மார்ச் 4, செவ்வாய்

பால் கணக்கு முடித்தாயிற்று. மருந்துக் கணக்கும் முடித்தாயிற்று. இன்று நடந்ததை மட்டும் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. வரவிலும் சேராது, செலவிலும் சேராது.

வீட்டுக்காரரைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் வழியில், பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. இரண்டு தரம் இருமியது, அவ்வளவுதான். பின்னால் ஒரே ஹாரன். ஒருவன் தலையை நீட்டி, "ஏம்மா, நடு ரோட்டுல உட்கார்ந்து ஜபம் பண்றியா?" என்றான். பண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தார். டேங்க் மூடியைத் திறந்து, காதை வைத்துக்கொண்டு வண்டியை உலுக்கினார்.

"பெட்ரோல் இல்லம்மா."

"மீட்டர் ஊசி பாதியில நிக்குதே தம்பி!"

"ஊசி நிக்குது. வண்டியும் நின்னுடுச்சு."

நான் ஊசியைக் காட்டிக் காட்டிப் பேச, பக்கத்து சீட்டில் இவர் சிரிக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து இப்படித்தான். பேச்சு போய்விட்டது, சிரிப்பு மட்டும் அதுபாட்டுக்கு வருகிறது. காரணமில்லாமல் வருகிற வியாதிச் சிரிப்பு, பொருட்படுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாயோரம் துடைத்துவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது எங்கள் நேரம் முடிந்துவிட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் நல்ல பெண்தான். "காத்துட்டிருக்கறவங்க நிறைய பேர்மா. காய்ச்சல்னு ஒரு தடவை விட்டீங்க, இது ரெண்டாவது. இன்னொண்ணு தவறினா இந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

அந்த இடம் போனால் அவர் பேச்சும் போனதுதான்.

மார்ச் 5, புதன்

பாதி டேங்க் பெட்ரோல் எங்கே போகும்? ஒழுகினால் தரையில் கறை இருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். காய்ந்த இலைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வண்டியை எடுத்துப் போனார். 'கடைக்குத்தான் அண்ணி' என்றார். கடைக்குத்தானா?

சீ. என்ன புத்தி இது. சாமி அறையில் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு வெளியே வந்ததும் மறுபடி அதே நினைப்பு.

மார்ச் 7, வெள்ளி

சந்தேகமே வேண்டாம் என்று பங்க்கில் டேங்கை நிரப்பச் சொன்னேன். வழிய வழியப் போட்டார்கள். சாவியைத் திருப்பினேன். ஊசி பாதியில்.

காலியாக இருந்தாலும் பாதி. நிரம்பினாலும் பாதி. இது என்ன அட்சய பாத்திரமா, ஆண்டவனே? பக்கத்து சீட்டில் இவருக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. பங்க் பெண் பயந்துபோய், "ஐயாவுக்கு ஒடம்புக்கு என்னங்க?" என்றாள். என்னவென்று சொல்வேன்.

ஒன்று மட்டும் தெளிவு. கொழுந்தனார் எடுக்கவில்லை. இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மார்ச் 8, சனி

மெக்கானிக் ஃப்யூஸ் மாற்றினார். பாதி. டேஷ்போர்டைக் கழற்றி, வயிற்றைக் கிழித்தாற்போல ஒயர்களை வெளியே தொங்கவிட்டு, மறுபடி மாட்டினார். பாதி. "மீட்டரே போச்சும்மா. பழைய மாடல். தேடித்தான் பிடிக்கணும்." தேடினால் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு மேலே பார்த்தார். கடவுள் விஷயத்தில் அவரைவிட எனக்கு அனுபவம் அதிகம்; மேலே பார்த்தால் தேதி கிடைக்காது.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தனார் வந்தார்.

"எதுக்கு அண்ணி இந்த ஓட்டை வண்டியைக் கட்டிட்டு மாரடிக்கிறீங்க? ஒரு ஆள் கேக்கறாரு. வித்துடலாம். அண்ணனை நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஒவ்வொரு செவ்வாயுமா?"

"நேரம் கிடைக்கிறப்ப." வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நேரம் கிடைக்கிறப்ப. அவருக்கு எப்போது கிடைத்திருக்கிறது? ஆனால் நானும் எத்தனை நாள் பாலத்தில் நிற்பது? யோசிக்கிறேன் என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இவர் உட்கார்ந்திருந்தார். ஒருவர் பக்கம் மாற்றி ஒருவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, திங்கள்

அலமாரியில் காரோடு கொடுத்த புத்தகம் கிடைத்தது. ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் படிக்க மத்தியானம் போய்விட்டது. புரிந்தவரை: டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்க, ஒயர் வழியாக ஊசிக்குச் சேதி போகும். அப்படியானால் சேதி சொல்பவன் பொய் சொல்கிறானா, கேட்பவன் செவிடா?

மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "டேங்க் பக்கத்து ஒயரைக் கழட்டினா ஊசி என்ன ஆகுதுன்னு பாப்போமே" என்றேன். "அதெல்லாம் எதுக்கும்மா" என்று இழுத்தவர், பின் சீட்டைத் தூக்கிக் கழற்றினார். ஊசி ஒரு கோடிக்கு ஓடியது! ஒயரை வண்டி இரும்பில் தொட்டார். மறு கோடிக்கு ஓடியது. ஊசி நல்ல ஊசி. கோளாறு உள்ளே.

"மிதவைதான். டேங்க் நிரம்பியிருக்கு, இப்ப திறக்க முடியாது. கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க" என்றார். மீட்டரே போச்சு என்று தானே சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பயிற்சிக்குப் போய் வந்தோம். டேங்க் நிறைய பெட்ரோல். அதை நம்பாமல் டிக்கியில் ஒரு கேன் வேறு. வழி முழுக்க நாற்றம், வழி முழுக்க பிரார்த்தனை.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி வாங்க ஆளைக் கூட்டிக்கொண்டு கொழுந்தனார் வந்துவிட்டார். நான் யோசிக்கிறேன் என்றுதானே சொன்னேன்? வந்தவர் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, "பெட்ரோல்கூடப் பாதி இருக்கு" என்றார். வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த இவர் கார்க் கதவை இடது கையால் படபடவென்று தட்டினார். ஊசியைக் காட்டினார். கையை அகல விரித்தார். பிறகு சிரிப்பு.

"என்னங்க சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல சார். அது வியாதிச் சிரிப்பு. தானா வரும், தானா போயிடும்" என்றார் கொழுந்தனார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். "மீட்டர் வேலை செய்யுதுங்களாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லைங்க" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

"அரிச்சந்திரனுக்கே பாடம் எடுப்பீங்க போலிருக்கு அண்ணி" என்று கொழுந்தனார் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

காரணம் இல்லாத சிரிப்பு கதவைத் தட்டுமா? ஊசியைக் குறிவைத்துக் காட்டுமா? பாலத்தில் சிரித்தார், பங்க்கில் சிரித்தார் — ரெண்டு தரமும் நான் ஊசியைத்தானே பாத்துட்டிருந்தேன். அப்ப அவருக்குப் புரியுதா? எல்லாமே புரியுதா? நாங்க பேசுறது, விக்கிறது, எல்லாம்?

ஆண்டவனே, நான் எதைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்?

மார்ச் 13, வியாழன்

மெக்கானிக் பெட்ரோலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மிதவையை வெளியே எடுத்தார். கம்பி துருவேறி நடுவில் இறுகிக் கிடந்தது. "இது பல வருஷத்துத் துரும்மா" என்றார்.

பல வருஷமா? அத்தனை வருஷமும் ஓட்டியது இவர். ஒரு நாளும் வழியில் நின்றதில்லையே!

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்ததும் பெட்ரோலுக்கென்று ஒரே தொகையை எடுத்து அவர் கையில் கொடுப்பேன். கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான் வைத்த வழக்கம். வாரம் தவறாமல் போட்டுவிடுவார், ஊசியைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. அவர் படுத்த பிறகு சாவி என் கைக்கு வந்தது. ஊசிதான் பாதியில் இருக்கிறதே, எதற்கு வீண் செலவு என்று வெள்ளிக்கிழமைப் பெட்ரோலை நிறுத்தியது என் சிக்கனம்.

அவரிடம் போய் நின்றேன். "ஏங்க, ஊசி செத்துப்போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையை ஆட்டினார். தெரியும்.

"ஏன் சொல்லல?"

சொல்லியிருந்தால், புதுசு என்ன விலை, பழசு எங்கே மலிவு என்று ஒரு மாதம் அவர் காதைத் தின்றிருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரித்தார். பழக்க தோஷத்தில் துணியை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டுத் தானே துடைத்துக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

நான் கேட்கவே இல்லை. இத்தனை நாளில் ஒரு தரம்கூட அவரை எதுவும் கேட்கவில்லை. டாக்டரைக் கேட்டேன், கொழுந்தனாரைக் கேட்டேன், கடவுளைக் கேட்டேன்.

இன்று கேட்டேன். "வண்டியை வித்துடலாமாங்க? உங்க தம்பி கூட்டிட்டுப் போறாராம்."

இடது மணிக்கட்டை உயர்த்தி, இல்லாத வாட்சைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அச்சு அசல் தம்பியேதான்! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

விற்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

புது மிதவை. ஊசி நகர்கிறது. பயிற்சியில் "மா" என்று ஒரு எழுத்து வந்ததாம். எனக்குக் காட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

திரும்பி வரும்போது ஊசி கால் டேங்குக்கும் கீழே வந்துவிட்டது. அவர் விரலால் காட்டினார். "பாத்தேன்" என்றேன். சிக்னலில் மறுபடி காட்டினார். "பாத்தேங்க, போடலாம்." பாலம் ஏறும்போது மூன்றாவது முறை என் தோளைத் தட்டிக் காட்டவும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். "வண்டி ஓட்டுறது நானா, நீங்களா? பேசாம வாங்க!" என்று கத்திவிட்டேன். அவரும் கத்தினார். வார்த்தை இல்லை, ஆனால் திட்டுதான், நன்றாகவே விளங்கியது. பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

பெட்ரோல் போட்டேன். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். சாயங்காலம் காபியைத் தொடவில்லை. ராத்திரி நான்தான் முதலில் போய், "சாப்பிட வர்றீங்களா, இல்லையா?" என்று கேட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து, எந்தச் சண்டையிலும் நான்தான் முதலில் போய்க் கேட்பது.