மூடி தொலைந்த டப்பா

7 ஜூலை 2025, திங்கள்

மன்சூர் மெடிக்கலில் ஃபெயில்.

பதினாறு வருஷம் ரியாத்தில் லாரி ஓட்டிய மனுஷன். கண் சரி, காது சரி, நெஞ்சு எக்ஸ்ரே சரி. சுகர் மட்டும் இருநூற்று அறுபது. பேப்பரில் ‘அன்ஃபிட்’ என்று போட்டு, குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அன்ஃபிட் என்றால் புது விசா இல்லை. விசா இல்லை என்றால் ரியாத் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

அஃப்ஷீன் பத்தாவது படிக்கிறாள், எதற்கும் ஒரு ஆப் வைத்திருக்கிற மகள். அத்தா போனில் காலடி எண்ணுகிற ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் எங்கள் குடும்ப குரூப்புக்கு ‘அத்தாவின் ஃபிட்னஸ் பயணம்’ என்று பேரும் மாற்றிவிட்டாள். குரூப்பில் மொத்தம் மூன்று பேர்.

ஆக, இன்றிலிருந்து தென்னூரில் இந்த வீட்டில் ஒரு பக்கம் ஆர்டர் கேக், இன்னொரு பக்கம் டயட் சாப்பாடு. நடுவில் நான், எழுபத்தெட்டு கிலோ. வீட்டில் கேக் செய்து விற்கிறவளுடைய புருஷனுக்குச் சர்க்கரை. தெரு சிரிக்காமல் என்ன செய்யும்?

8 ஜூலை

ஓட்ஸ் கஞ்சி கொடுத்தேன். இது சாப்பிடவா, சுவரில் போஸ்டர் ஒட்டவா என்று கேட்டார்.

12 ஜூலை, சனி

தனியாக நடக்கப் போக வெட்கமாம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அண்ணா சிலை பக்கம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, காவிரிப் பாலத்தில் மாம்பழச்சாலை வரை போய்த் திரும்பவேண்டும். மொத்தம் மூன்று தடவை. புர்காவுக்குக் கீழே அஃப்ஷீனின் பழைய ஸ்கூல் ஷூ போட்டுக்கொண்டு நான். ஆற்றில் தண்ணீர் நிறைய. பார்க்க நேரமில்லை, மூச்சு வாங்குகிறது.

எதிரே வருகிற ஆண்கள் எல்லாம் எங்களைக் கடக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கடந்ததும் விட்டுவிடுகிறார்கள். இவரும் அதேதான். பாலம் முழுக்க இதுதான் நடக்கிறது.

19 ஜூலை, சனி

இரண்டு கிலோ குறைந்துவிட்டார். விசில் அடித்தபடி ஏஜென்டுக்குப் போன் செய்தார். இப்படியே போனால் அக்டோபரில் கிளம்பிடலாம் என்று சொன்னது சமையலறை வரை கேட்டது. நான் அப்போது ஸ்ரீரங்கத்து ஆர்டருக்கு வெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அடித்துவிட்டேன். திரிந்துபோனது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தொடர்ந்து நாலு மாதம் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. மிக்ஸி ஜார் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். அஃப்ஷீனுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்து அவளிடம் கணக்கு கற்றுக்கொண்டார். இரண்டு தட்டு கேக்கைப் பழைய காரில் வைத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலைத் தாண்டி, மேலே இருக்கிற க்ரீம் ரோஜா ஒன்றுகூட நசுங்காமல் ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் இறக்குகிறார். இந்த ஊரில் வேறு எவனுக்கும் அது வராது.

போகாதீங்க என்று சொல்லலாம். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சொன்னால் வாய் கோணிவிடும் போல.

கேக் வெந்தால் நடுவில் மேடாக எழும்பும். க்ரீம் தடவ வேண்டுமானால் அந்தத் தலையைச் சீவித் தட்டையாக்க வேண்டும். சீவிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜ் மேல் வைப்பது வழக்கம். இன்றைக்கு அந்த டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவர் கை எட்டுகிற இடத்தில். மூடி தொலைந்துவிட்டது.

மூடி என் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது.

20 ஜூலை

டப்பா பாதி காலி. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பாலத்தில் கால் வைக்க இடமில்லை, அதனால் நடைக்கு லீவு.

ஸ்ரீரங்கத்து ஆனந்தவள்ளி மாமிக்குப் பேரன் பிறந்தநாள் கேக். நானும் கூடப் போனேன். வழக்கம்போல வாசலிலேயே வைத்து, முட்டை சேர்க்கலையேம்மா என்று கேட்டார். சத்தியமாக இல்லை மாமி என்றேன். யார் மேல் சத்தியம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்து, “நன்னா இளைச்சுட்டியே, என்ன பண்றே?” என்றார். பக்கத்தில் நின்ற மன்சூர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்து எடை பார்த்தோம். நான் மூன்று கிலோ குறைவு. அவர் ஒன்றரை கிலோ கூடுதல். சேர்ந்துதானே நடக்கிறோம் என்று தராசைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதிவைக்கிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மை இருக்கட்டும்.

டப்பாவோடு நிறுத்தவில்லை. சப்பாத்தி மாவில் வெண்ணெய் போட்டுப் பிசைகிறேன். கீரையில் நெய். டீக்குச் சீனிக்குப் பதிலாக ஏதோ இலைச் சாற்றுச் சொட்டு வாங்கி வைத்திருக்கிறார். அவர் கண் முன்னால் இரண்டு சொட்டு விடுகிறேன், முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு ஸ்பூன் சீனி போடுகிறேன். இந்தச் சொட்டு நல்லாத்தான் இருக்கு, சீனி மாதிரியே இருக்கு என்கிறார்.

வெள்ளிக்கிழமை தம்ரூட் செய்தேன். ரவை, முட்டை, பால், நெய், எல்லாம் ஒரு தட்டு நிறைய. ஆர்டர் என்று சொன்னேன். யாரும் ஆர்டர் தரவில்லை.

காலையில் கூடவே நடக்கிறேன், கை வீசி நடங்க என்று அதட்டுகிறேன், மாலையில் நெய் ஊற்றுகிறேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். நான் எழுபத்துநாலு கிலோ. இந்த வீட்டில் ஃபிட்னஸ் பயணம் யாருக்கு நடக்கிறது என்றே தெரியவில்லை.

இன்னொரு மெடிக்கல் தவறினால் போதும். இன்னும் ஒரே ஒரு தடவை. அவருக்கும் நாற்பத்தைந்து ஆகிறது, அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

25 ஆகஸ்ட், திங்கள்

பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. நாக்கு ஒட்டுகிறது என்றார். “ஹஃப்ஸா, எதிர்ல வர்ற பஸ்ஸு மங்கலா தெரியுதுடி” என்றார். நடக்க வந்த இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

தில்லை நகரில் டாக்டர் பவித்ராவின் கிளினிக். சுகர் முந்நூற்று எண்பது. அந்தம்மா சின்ன வயசு, ஆனால் வாய் சின்னதில்லை. இப்படியே விட்டால் கண் போகும், கிட்னி போகும், மாத்திரை போட்டும் ஏறுதுன்னா வீட்டில் என்னதான் சாப்பிடறீங்க என்று அவரைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் சுத்தமாகத்தான் சமைக்கிறாள், தப்பு முழுக்க என் மேல் என்றார். கேக் துண்டு டப்பாவிலிருந்து திருடித் தின்பதைச் சொன்னார். மேஜையைக் கடந்து போகும்போதெல்லாம் கை போகுது டாக்டர், என்னை அடக்கத் தெரியலை என்றார். நாற்பத்தைந்து வயசு ஆம்பளை, பொண்ணு வயசு டாக்டர் முன்னால. குரல் உடைஞ்சுபோச்சு.

நான் வாயைத் திறக்கலை. வாய் இருந்தும் திறக்கலை. என்ன ஜென்மம் நான்?

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து மூடியை எடுத்து டப்பாவை மூடினேன்.

26 ஆகஸ்ட்

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடா நினைச்சேன்? இருக்கட்டும்னுதானே நினைச்சேன். ஆள் இருக்கணும்னு ஆளையே முடிச்சிருப்பேன்.

15 செப்டம்பர், திங்கள்

மூன்று வாரமாக ஒழுங்கான சமையல். கேழ்வரகு அடை, வாழைத்தண்டுப் பொரியல், எண்ணெய் எண்ணி ஊற்றிய மீன் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டு, ஆனால் அவருக்கு ஒரு கை சோறு, மீதித் தட்டு வெள்ளரிக்காய். அந்தத் தட்டைப் பார்த்து, இறந்துபோனவரைப் பற்றிப் பேசுகிற குரலில் பிரியாணியைப் பற்றிப் பேசினார்.

சீவிய துண்டுகளைச் சின்ன கப்பில் க்ரீமோடு அடுக்கி விற்கத் தொடங்கினேன். முழுக் கேக்கைவிட அதுதான் ஓடுகிறது. டீயில் வெறும் சொட்டு. முதல் நாள் குடித்துவிட்டு, சொட்டு பழசாகிவிட்டதா, ருசி போய்விட்டதே என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுத்தமான பாத்திரத்தை.

சுகர் நூற்று எழுபது. அஃப்ஷீன் குரூப்பில் பட்டாசு படம் போட்டாள். நான் நன்றாகச் சமைக்கச் சமைக்க அவர் கிளம்புகிற நாள் கிட்டே வருகிறது. சமைக்காமல் எப்படி இருக்க முடியும்?

6 அக்டோபர், திங்கள்

சொல்லிவிட்டேன்.

பாலத்தில் நடந்துகொண்டே டாக்டர் பாராட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாய்தான் எனக்கு எதிரின்னு நினைச்சேன், ஜெயிச்சுட்டேன் பார் என்று. அதுக்கு மேல் என்னால் முடியவில்லை.

“உங்க வாய் இல்லைங்க. நான்தான். டீயில சீனி போட்டது நான். நெய் ஊத்தினது நான். மூடியை ஒளிச்சு வெச்சதும் நான்.”

முதலில் சிரித்தார். அப்புறம் எத்தனை நாளாக என்று கேட்டார். நாள் கணக்கைச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தார். இத்தனை மாதத்தில் அவ்வளவு வேகமாக நடந்ததே இல்லை. ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தேன்.

7 அக்டோபர்

அவரே டீ போட்டுக்கொண்டார். பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். துடைத்தேன்.

8 அக்டோபர்

இன்றைக்கும் அவரே. இன்றைக்கும் துடைத்தேன். அஃப்ஷீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்கூலுக்குப் போனாள்.

9 அக்டோபர், வியாழன்

மத்தியானம் கேக்கைச் சீவிக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கத்தியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பதினாறு வருஷத்துல ஒரு தடவைகூட போகாதீங்கன்னு நீ சொன்னதில்ல. டிக்கெட் வந்த அன்னிக்கே ஊறுகா போட உக்காந்துடுவ. கறிய வறுத்து டப்பால அடைப்ப. பெட்டிய நீதான் கட்டுவ. நான் போறது உனக்கு வசதின்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

எல்லாத்தையும் எண்ணிப் பார்க்கிறேன். எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய், கருவாட்டுப் பொடி. ஒவ்வொரு தடவையும் ராத்திரி பகலாகச் செய்து அனுப்பினேனே, அது போகாதீங்கன்னு கெஞ்சினதுன்னு இந்த மனுஷனுக்குத் தெரியலையா? எப்படித் தெரியும்? எனக்கே இன்னிக்குத்தானே தெரியுது.

கத்தியைக் கீழே வைத்தேன். “போகாதீங்க” என்றேன்.

வாய் கோணவில்லை. அழுகைதான் வந்தது, அசிங்கமாக, மூக்கு ஒழுக. கேக் மேல் விழுந்துவிடப்போகிறது என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசியில், சாயங்காலம் டீ நீயே போடு, நான் போடறது எனக்கே பிடிக்கலை என்று எழுந்து போனார்.

18 அக்டோபர், சனி

ஃபிட்.

நாற்பது தீபாவளி ஆர்டருக்கு நடுவில் வந்து பேப்பரை நீட்டினார். சுகர் நூற்று இருபது. பாராட்டாமல் இருக்க முடியுமா? பாராட்டினேன். மாவுக் கையோடு பேப்பரைப் பிடித்துப் படித்தேன். அறுபது நாள் செல்லும் என்று போட்டிருக்கிறது. டிசம்பர் பதினேழு வரை.

அவர் எதுவும் சொல்லவில்லை. நான் மறுபடி சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதே பதினாறு வருஷத்துக்குச் சேர்த்து.

ஊறுகாய் போடவில்லை. எலுமிச்சை மலிவாகத்தான் கிடைக்கிறது.

12 நவம்பர், புதன்

ஏஜென்ட் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் இவர் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறார். இறங்கி வரும் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று பயம். என் எடை எழுபது. கவலையில் குறைந்ததா நடையில் குறைந்ததா, தராசுக்குத் தெரியாது.

1 டிசம்பர், திங்கள்

உறையூரில் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். சும்மா இருக்கிறோமே, பழைய டிரைவர் வருகிற வரைக்கும் என்றார். பழைய டிரைவர் எப்போது வருவார் என்று கேட்டேன். விசாரிக்கணும் என்றார்.

பாலைவன ரோட்டில் நாற்பது டன்னோடு போனவர், எல்கேஜி பிள்ளைகள் பதினான்கு பேரைச் சமாளிக்க முடியவில்லை என்கிறார். ஒருத்தி தினமும் அவர் தோளில்தான் வாந்தி எடுக்கிறாளாம்.

17 டிசம்பர், புதன்

காலையில் எழுந்ததிலிருந்து நாள்காட்டிப் பக்கம் போகவில்லை. பாலத்தில் நாலு தடவை நடந்தோம். பனி இருந்தது. திரும்பி வந்து அவர் வேனுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஓவன் வைத்திருக்கிற மேஜை ஆடுது, கேக் ஒரு பக்கமா சாயுது, எத்தனை நாளாச் சொல்ற என்று தானாகவே சொல்லிக்கொண்டு ஒரு பேப்பரை நாலாக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் சொருகினார். ஆட்டிப் பார்த்தார். போய்விட்டார்.

குனிந்து பார்த்தேன். ‘ஃபிட்’ என்பதில் பாதி வெளியே தெரிகிறது, கீழே கடைசி நாளாக இன்றைய தேதி.

ஆனந்தவள்ளி மாமி வீட்டுக் கேக்கை ஓவன் உள்ளே வைத்தேன். இந்தத் தடவை சமமாகத்தான் எழும்பியது.