இரண்டரைக் கிலோ

2025 செப்டம்பர் 20, சனி

இன்றும் தோள் பாதியில் கைவிட்டது. நின்றபடி சுடும்போது முதல் பத்துத் தோட்டாவும் ஒழுங்காகப் போகின்றன. அதற்கு மேல் குழல் தானாகவே கீழே சாய்கிறது. கிளப் துப்பாக்கி ஐந்து கிலோ. போன வருஷம் உறைந்துபோய், ஆறு மாதம் பயிற்சி செய்து மீட்ட தோள் இது.

கிளப் தலைவர் மார்செல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர், யாரையும் புகழ்ந்து பேசாதவர்.

"ஒரு வருஷம் ஆயிற்று, மதாம். சொந்தமாக ஒன்று வாங்குங்கள். லேசானதாக. இந்தக் கழுதையைச் சுமந்தது போதும்."

"லேசானது குறி தப்பாதா?"

"தப்பும். அப்போது பழியைத் துப்பாக்கிமேல் போடலாம். இப்போது தோள்மேல் போடுகிறீர்களே, அதுபோல."

ரயில் கார் து நோர் நிலையத்துக்கு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வாங்கினால் என்ன?

செப்டம்பர் 24, புதன்

வேலை முடிந்து துப்பாக்கிக் கடைக்குப் போனேன். இருபத்திரண்டு காலிபர், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்கும் வகை போதும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். தானாக ஏற்றிக்கொள்ளும் வகை மலிவான தோட்டாவில் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. அதோடு அதற்கு ப்ரெஃபெக்தூர், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். கையால் இழுப்பதற்குக் கிளப் உறுப்பினர் அட்டையும் பதிவும் இருந்தால் போதும்.

கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்து "இரண்டு கிலோ முந்நூறுதான், மதாம்" என்றார். தராசு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இரண்டு கிலோ எழுநூறு. தொலைநோக்கியோடு நிறுத்தால் அப்படித்தான் வரும் என்றார். தொலைநோக்கி இல்லாமல் யாராவது விற்கிறீர்களா என்றேன். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவளுக்கு விற்பவர் சொல்லும் எண்ணில் நம்பிக்கை வராது.

பொழுதுபோக்கு ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதலாம். மின்சாரம் நின்றால், தண்ணீர் நின்றால் மூன்று நாள் சமாளிக்க ஒரு பை கட்டி வையுங்கள் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பை ஏற்கனவே உண்டு. என் கணவர் குகனுடைய நீலப் பை, கட்டிலுக்கு அடியில். வருஷத்துக்கு ஒருமுறை அதைக் குளியலறைத் தராசில் வைத்து நிறுப்பார். நானும் மகள் ஆரெலியும் சிரிப்போம். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது பை அல்ல. வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் தோன்றியது.

எதற்கு? மூன்றாம் மாடியிலிருந்து எதைச் சுடப்போகிறேன்? தெருப் புறாக்களையா? சட்டத்திலும் அப்படி ஒரு காரணம் கிடையாது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. அப்பா புதுச்சேரியிலிருந்து வந்து பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் வீட்டில் துப்பாக்கி என்றால் சம்பளம், இஸ்திரி போட்ட சீருடை, ஜூலை பதினான்கு தேசிய தின அணிவகுப்பு. அதைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

குகனிடம் சொன்னேன். தன் அச்சுக் கடையிலிருந்து கொண்டுவந்த கல்யாணக் கார்டுகளை மேசையில் பரப்பி மடித்துக்கொண்டிருந்தார். நான் கிளப்புக்குப் போவதற்கு அவர் ஒருநாளும் தடை சொன்னதில்லை. "உம்மடை விளையாட்டு" என்பார், அவ்வளவுதான்.

"எங்கை வைக்கப்போறீர்?"

"இங்கதான். கூடத்து அலமாரில ஒரு பூட்டுப் பெட்டி. தோட்டா தனியா வேற இடத்துல."

"இந்த வீட்டிலையோ?"

மடித்த கார்டைத் திரும்பப் பிரித்தார்.

அவருக்குப் போலீஸ் பயம் என்று நினைத்தேன். பயத்தைப் போக்குவதற்காக நிதானமாகச் சொன்னேன். திருட்டுத்தனம் எதுவும் இல்லை, என் பெயர், நம் முகவரி, துப்பாக்கியின் எண் மூன்றும் அரசாங்கப் பதிவில் இருக்கும், கேட்டு வந்தால் நாம் எடுத்துக் காட்டலாம், அவ்வளவு ஒழுங்கு என்று.

எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தார். கழுவ அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

தேநீர் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் எழுந்தபோது ஆறிப்போயிருந்தது.

அக்டோபர் 11, சனி

கடைக்காரர் மூன்று துப்பாக்கிகளைக் கிளப்புக்கு அனுப்பியிருந்தார். ஒரே பெட்டித் தோட்டா, ஒரே தூரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று குறி அட்டை.

கழற்றிப் பைக்குள் வைக்கக்கூடியது முதலில். பார்க்க அழகு. ஒருமுறை கழற்றிப் பூட்டியதும் குறி ஒரு விரல் அகலம் இடப்பக்கம் போய்விட்டது. அவசரத்துக்கென்று செய்த பொருள் அவசரத்தில் எங்கே சுடும் என்று தெரியாவிட்டால் எப்படி? இரண்டாவது மெல்லிய குழல். சூடேறினால் அட்டையில் ஓட்டைகள் பிரிந்து போகின்றன. மூன்றாவது நான் கடையில் நிறுத்தது. பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை, குறையும் இல்லை. ஆனால் லேசான துப்பாக்கி என் மூச்சையெல்லாம் காட்டிக்கொடுக்கிறது. கனமானது தோளை வருத்தினாலும் நடுக்கத்தை மறைத்துவிடும்.

மார்செல் அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூன்றாவதுதான். எதற்காக வாங்குகிறீர்கள் என்று எழுதக் கேட்டால் விளையாட்டு என்று மட்டும் எழுதுங்கள்."

"வேறு என்ன எழுதுவேன்?"

"உலகம் முடியப்போகிறது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், மதாம். அவர்களுக்குக் குறியும் சரியாக வராது."

மாத முடிவுவரை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆரெலி லீல் நகரத்திலிருந்து பேசினாள். அப்பா சொல்லித் தெரியுமாம். எல்லாம் பிரெஞ்சில்தான்.

"மமான், எதற்கு? ஸோம்பிகள் வந்தால் சுடவா?"

"பத்து மதிப்பெண் வட்டத்தைச் சுட."

"அப்பாவின் குரல் சரியில்லை. அத்தையைக் கேள். நான் சொன்னேன் என்று சொல்லாதே."

என்னைவிட மகளுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 25, சனி

கிளப்புக்குப் போகவில்லை. ரூ பஜோல் தெருக் கோயிலிலிருந்து வந்த கோசலை அக்காவைத் தெருமுனையில் பிடித்துக்கொண்டேன். குகனின் மூத்த அக்கா. தேநீர்க் கடையில் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மச்சாள், சண்டைக்கு ஆயத்தமோ? ஆரோடை? மேல்வீட்டுக்காரியோடையோ?"

"அவர் சொன்னாரா அக்கா?"

"அவன் எங்கை வாய் திறக்கிறது! உம்மடை மகள்தான் சொன்னவள்." வடையைப் பிய்த்தார். "எங்கடை அப்பான்ரை துவக்குக் கதை உமக்குத் தெரியாதோ?"

தெரியாது என்றேன். துவக்கு என்றால் அவர்கள் பேச்சில் துப்பாக்கி.

"வன்னியிலை வயல். காட்டுப் பண்டி கலைக்க லைசென்ஸோடை ஒரு துவக்கு. எங்கடை வீட்டிலை துவக்கு இருக்கெண்டு ஊருக்கே தெரியும். எண்பத்தஞ்சிலை இயக்கப் பொடியள் வந்தாங்கள். மரியாதையாத்தான் கேட்டவங்கள். குடுத்தாச்சு. கொஞ்ச நாளாலை ஆமிக்காரன் வந்தான். அவனிட்டைப் பேர் இருக்கு, விலாசம் இருக்கு, நம்பரும் இருக்கு. எங்கை துவக்கு எண்டான். என்னத்தைச் சொல்லுறது?"

பிய்த்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"கொண்டுபோன அப்பா திரும்பி வந்தவர்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிறகு அவர் வலக்கையாலை சோறு குழைச்சு நான் காணேல்லை."

பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த வடை நேற்றையானோ? சூடா ரெண்டு கொண்டு வாரும்."

அக்டோபர் 26, ஞாயிறு

பேர், விலாசம், நம்பர். அதே மூன்றைத்தான் நானும் சொன்னேன், அதே வரிசையில், ஆறுதலாக. கேட்டு வந்தால் எடுத்துக் காட்டலாம் என்று வேறு.

ஐயோ, என்னத்தைச் சொல்லிட்டேன். அவராவது சொல்லியிருக்கக் கூடாதா? இருபத்திரண்டு வருஷமா ஒரே வீட்டுலதானே இருக்கோம்?

மாமனாருக்கு வலது கை விளங்காது என்பது தெரியும். கல்யாணத்தன்று இடது கையால் ஆசீர்வாதம் செய்தார். பக்கவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே முடிவு செய்துகொண்டேன். கடைக்காரரிடம் தராசு கேட்டவள் நான்.

அக்டோபர் 28, செவ்வாய்

கடைக்குத் தொலைபேசி செய்து வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். வீட்டில் இடமில்லை என்றேன்.

குகனிடம் இதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தியாகம் போலாகிவிடும், அதற்கு அவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். துப்பாக்கி வராது, அவ்வளவுதான். வராததை அவரே பார்த்துக்கொள்வார்.

நவம்பர் 12, புதன்

இந்தக் குளிரில் அந்தப் பழைய, கை நைந்த ஜாக்கெட்டோடு கடைக்குப் போகிறார். கேட்டால் "இது காணும்" என்கிறார், போதுமாம். ஐம்பது தாண்டினால் ஆண்களுக்குப் பிடிவாதம் கூடும் போலிருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

மாலை வீட்டுக்கு வந்து சற்று நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. எங்கள் கட்டடம் மட்டுமல்ல, தெருவே இருட்டு. படிக்கட்டில் யாரோ தடுமாறித் திட்டினார்கள்.

குகன் ஒரு வார்த்தையும் பேசாமல் நீலப் பையை இழுத்தார். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல்களுக்கே தெரிந்திருந்தது. நெற்றியில் கட்டும் விளக்கு, கைப்பிடியைச் சுற்றினால் பேசும் வானொலி, சிறிய எரிவாயு அடுப்பு, என் இரத்த அழுத்த மாத்திரை. பிளாஸ்டிக் உறைக்குள் மூவருடைய பத்திரங்களின் நகல். கத்தி கூட இல்லை, ஏன் என்று கேட்டேன். "ஓடேக்குள்ளை பிடிச்சால் அதுக்கும் விளக்கம் சொல்லோணும்" என்றார். மேல் மாடி மதாம் சுசானைக் கைபிடித்துக் கீழே கொண்டுவந்து சூடாகக் காப்பி கொடுத்தார். அவர் குடித்துவிட்டு ஒரு விளக்கையும் வாங்கிக்கொண்டு போனார்.

நாங்கள் இருவர் மட்டும். நீல நிறத்தில் அடுப்பின் சுடர்.

"அது சத்தமில்லாமல் இருக்குதோ?" என்றார்.

"எது?"

"உம்மடை துவக்கு."

"வாங்கல. போன மாசமே வேணாம்னு சொல்லிட்டேன்."

அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த அலுமாரிக்குள்ளை?"

"ஒண்ணும் இல்ல. உங்க கோட்டுதான்."

"ஒரு மாசமா நான் அந்தப் பக்கம் போகேல்லையப்பா. அதுதான் இந்தப் பழசைப் போட்டுக்கொண்டு திரியிறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அது சிரிப்பு மட்டுமல்ல என்று தெரிந்தது. அவர் அடுப்பைச் சிறிது குறைத்தார்.

"அக்கா கதைச்சவவோ?"

"ஆமா."

அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். "அந்தத் துவக்குக்கு எண்ணெய் போடுறது என்ரை வேலை. ஒருக்காத் தேங்காயெண்ணெய் போட்டுட்டன். அப்பா நல்லா ஏசினவர்."

மின்சாரம் வந்ததும் அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்து உதறினார்.

டிசம்பர் 6, சனி

கிளப் அலமாரியின் அடித்தட்டிலிருந்து மார்செல் ஒன்றை எடுத்து நீட்டினார். பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கு வைத்திருக்கும், குட்டைக் கட்டை போட்ட துப்பாக்கி. என் வயதுக்கு இதுவா என்றேன். "தோளுக்கு உங்கள் வயது தெரியாது, மதாம்" என்றார். பிறகு "தெரிந்துதான் போயிருக்கிறது" என்று திருத்திக்கொண்டார்.

பழையது, ஒருமுறையும் சிக்கவில்லை, கடைசித் தோட்டாவரை தோள் நின்றது. கிளப்புக்குச் சொந்தமானது, அங்கேயே பூட்டி வைக்கப்படுவது. நானே நிறுத்துப் பார்த்தேன். இரண்டரைக் கிலோ.

2026 ஜனவரி 17, சனி

கிளப்பில் ராஜாக்கள் கேக் வெட்டும் நாள், ஜனவரியில் இங்கே எல்லோரும் கூடி வெட்டுவது. குடும்பத்தோடு வரலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். குகனிடம் போகிறபோக்கில் சொல்லி வைத்திருந்தேன். மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

நான் சுடும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். முதல் தோட்டாவுக்குப் பின் திரும்பிப் பார்த்தேன், அவர் தோள் குறுகியிருந்தது. வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசித் தோட்டாவரை நின்றார்.

முடித்துத் துப்பாக்கியை அலமாரிக்குக் கொண்டுபோகும்போது கையை நீட்டினார். மார்செலைப் பார்த்தேன், தலையசைத்தார். கொடுத்தேன்.

குழலைத் தரைப்பக்கம் சாய்த்து, யாரும் சொல்லாமலே போல்ட்டை இழுத்து, உள்ளே பார்த்தார். சுண்டுவிரலை வைத்தும் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் ஏந்தி ஒருமுறை மேலும் கீழும் அசைத்தார். திருப்பித் தருவதற்கு முன் தன் விரல் பட்ட இடங்களையெல்லாம் கைக்குட்டையால் துடைத்தார்.

"உங்கள் கணவருக்குப் பழக்கம் போலிருக்கிறது" என்றார் மார்செல்.

"சின்ன வயதில்" என்று குகனே பிரெஞ்சில் பதில் சொன்னார். கேக் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். சேன் தெனி நிலையம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எண்ணெய் கூடிப்போச்சு" என்றார். "அவ்வளவு போட்டால் தூசி பிடிக்கும். அந்த மனுசனிட்டைச் சொல்லும்."

"நீங்களே சொல்லுங்க."

"சனியிலை கடை இருக்கு."

கார் து நோர் விளக்குகள் தெரிந்தன. எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஞாயிறிலையும் கிளப் திறப்பினமோ?"