சிவப்பு மட்டமும் உரிகத்து மணிக்காரனும்

1903 நவம்பர் 9, திங்கள்

இந்த நோட்டை வாங்கியது குதிரைகளைப் பற்றி எழுத. முதல் பக்கத்திலேயே தோற்ற கதையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை துரைமார் மைதானத்தில் மட்டக்குதிரைப் பந்தயம். ஆறு மட்டம். எது ஜெயிக்கும் என்று ஏசுபாதம் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘சாம்பல்’ என்று இருந்தது. சாம்பல் ஐந்தாவதாக வந்தது. அதற்கும் பின்னால் ஒன்று வந்ததே என்றால், அதன் மேலிருந்த துரை பாதி வழியில் விழுந்துவிட்டார்.

சீட்டு நாலணா. ஏசுபாதத்தின் மச்சினனுக்கு லாயத்தில் வேலை, அதனால் உள்விஷயம் தெரியுமாம். கோந்து போட்டு ஒட்டித்தான் தருவான். யாரிடமும் காட்டக்கூடாது, காட்டினால் பலிக்காது. நான் காட்டவில்லை. ஆனால் சட்டையைத் துவைக்கும்போது என் வீட்டுக்காரி ஞானசுந்தரி பார்த்துவிட்டாள். அதனால்தான் சாம்பல் தோற்றதோ?

நவம்பர் 12

ஏசுபாதம் வீட்டுக்கே வந்தான். குதிரை விஷயம் இல்லை. கல்யாணத் தரகும் அவன்தான் பார்க்கிறான். எங்கள் மகள் ஐடாவுக்கு ஒரு பையன். பெயர் எட்மண்ட். உரிகம் சுரங்கத்தில் ஷாஃப்ட் குழியின் வாயில் மணிக்காரன். ஆட்களை எண்ணி கேஜ் கூண்டில் ஏற்றி, கதவைச் சாத்தி, மணி அடித்துக் கீழே அனுப்புகிற வேலை.

“தங்கமான பையன், ஏனோக்கு அண்ணே” என்றான். இந்த ஊரில் தங்கம் எப்படிக் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். வண்டி வண்டியாகக் கல்லை இடித்தால் ஒரு சிட்டிகை.

அவன் போனதும் ஞானசுந்தரி கேட்டாள்: “பையனை நீங்க பார்த்தீங்களா?”

“ஏசுபாதம் பார்த்துகீறான்.”

“கட்டிக்கப் போறது ஏசுபாதமா?”

ஐடா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அன்றைக்கு அரிசியில் ஒரு கல்கூட இல்லை.

நவம்பர் 14, சனி

கறுப்பு! சீட்டிலும் கறுப்பு, மைதானத்திலும் கறுப்பு! கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு ஒரு படி வேர்க்கடலை வாங்கிக்கொண்டு போனேன். வழியில் ஏசுபாதத்தைப் பார்த்து, பையன் வீட்டில் பேசு என்று சொல்லிவிட்டேன். குதிரை தெரிந்தவனுக்கு மனுஷன் தெரியாதா?

நவம்பர் 18

எங்கள் சுரங்கத்தில் புது ஆள் சம்பங்கி, இன்னும் மரம் முட்டுக் கொடுக்காத கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்து சோற்று மூட்டையைப் பிரிக்கிறான். கேட்டால், “மேஸ்திரி நல்லா கீதுன்னாரு” என்கிறான்.

“அவரு சொன்னா? நீ தட்டினியாடா? கம்பிய எடு, தட்டு, காதை வை, அப்புறம் உட்காரு!”

நானே தட்டினேன். பொக்கென்று கேட்டது, கல் விட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் மூன்று மரம் நிறுத்தினோம். இருபது வருஷமாக இதுதான் என் தொழில், மேலே இருக்கிற கல் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் போட்ட சத்தமே என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஏனென்று தெரியவில்லை.

நவம்பர் 23

கேஜில் இறங்கும்போது, கூட வேலை செய்கிற தாமோதரன் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். சுற்றியிருந்த காகிதத்தில் அதே கையெழுத்து, அதே கோந்து. ‘பழுப்பு’ என்று இருந்தது. எந்தப் பந்தயம் என்று கேட்டேன்.

“பதினாலாம் தேதிதான் அண்ணே. தண்ட நாலணா.”

பின்னால் நின்ற பெருமாள் மெதுவாக, “எனக்கு வெள்ளைக்காலுன்னு குடுத்தான்” என்றான்.

கேஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று பேருக்கு மூன்று குதிரை. இன்னும் மூன்று பேரைத் தேடினால் ஆறும் கிடைத்துவிடும்.

ஆனால் எனக்குக் கொடுத்தது ஜெயித்ததே? சம்பந்தம் பேசுகிற வீடு என்று எனக்கு மட்டும் நிஜத்தைக் கொடுத்தானோ? அப்படியென்றால் முந்தின வாரம் சாம்பல் ஏன்? எழுத எழுதக் குழப்பம்தான் கூடுகிறது.

நவம்பர் 24

ஏசுபாதத்தைப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை.

“ஆளுக்கு ஒரு ராசி அண்ணே. உங்க ராசிக்கு கறுப்பு.”

“ராசியா? ஏண்டா, நீ கோயில்ல முன் பெஞ்சுல உட்கார்றவன்.”

“அது ஞாயித்துக்கிழமை.”

சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட வந்தவன் சிரித்தால் பிறகு என்ன கேட்க முடியும்? இருந்தாலும் கேட்டேன், எட்மண்டை எத்தனை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய் என்று.

“மூணு வீடு. எது அமையுதோ அமையட்டும்.”

ஐடாவையும் எத்தனை பேருக்கு ஒட்டிக் கொடுத்திருக்கிறானோ. அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 3

இனி சீட்டு இல்லை. நானே பார்க்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் மைதானத்து வேலியோரம் நிற்கிறேன்.

சாம்பல் இருமுகிறது. பழுப்பு கடிக்கிறது. சிவப்பு நல்ல மூச்சு, வாயில் நுரை கிடையாது.

டிசம்பர் 9

குதிரைக்காரன் ஒருவன் சொன்னான்: ஜெயித்த மட்டத்துக்கு அடுத்த தடவை சேணத்தில் ஈயத் தகடு வைப்பார்களாம், மற்றதுகளும் கிட்டே வரவேண்டுமே என்று. எங்கள் மேஸ்திரிக்கும் இந்தக் கணக்கு தெரியும். நன்றாகத் தூக்குகிறவன் தோளில்தான் பெரிய மரம். ஆக, புதுவருஷப் பந்தயத்தில் கறுப்புக்குப் பாரம் அதிகம். சிவப்புக்குப் பாரமே இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே ஆச்சரியம்.

டிசம்பர் 16

குதிரையைப் பார்க்கப் பத்து நாள் நின்றவன், பையனைப் பார்க்க ஒரு நாள் நிற்கக்கூடாதா என்று உரிகத்துக்குப் போனேன். யாரென்று சொல்லவில்லை. ஷிப்ட் மாறுகிற கும்பலில் கலந்து, வரிசையோடு வரிசையாக ஷாஃப்ட் வாய்வரை போய்விட்டேன். எட்மண்ட் ஆட்களின் தோளைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். என்னிடம் வந்ததும் கை என் மார்பில் நின்றது.

“டோக்கன்?”

“இல்ல தம்பி, சும்மா பார்க்க...”

“பெரியவரே, பார்க்கிறவங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க.”

“நான் யாருன்னா...”

“அப்புறம் சொல்லுங்க.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலிலிருந்து எண்ணினான். பிறகுதான் மணி அடித்தான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அரைமணி நேரம் நின்றேன். அவமானம்தான். ஆனால் என்னை அனுப்புகிற மணிக்காரன் இப்படி இருந்தால் நான் கேஜில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். எனக்குப் பிடித்துவிட்டது. சொல்லாமலே திரும்பினேன்.

1904 ஜனவரி 1, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

சிவப்புதான் முன்னால் வந்தது. பாதி வரைக்கும் அதுதான். நான் தலைப்பாகையைக் கழற்றிச் சுற்றினேன். அப்போது கூடாரத்துப் பக்கம் பாண்டுக்காரர்கள் டமாரென்று முரசு அடித்தார்கள். சிவப்பு காதை மடக்கி வேலியைத் தாண்டி, துரையோடு லாயத்துக்கே போய்விட்டது. நான் நின்ற விடியற்காலைகளில் எவன் முரசு அடித்தான்?

ஜெயித்தது சாம்பல். இருமிக்கொண்டே ஜெயித்தது! தாமோதரன் சும்மா இருக்கமாட்டாமல் சீட்டு வாங்கியிருந்தான். அதில் சாம்பல்.

“நீங்க பார்த்தது இன்னா அண்ணே, ஒரு மாசமா?” என்கிறான்.

ஜனவரி 4

ஏசுபாதம் வந்தான். எட்மண்ட் வேண்டாமாம், அவன் வீட்டில் பிடிவாதமாம். வேறொரு பையன் இருக்கிறானாம், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறானாம், தங்கமானவனாம். உடனே பதில் வேண்டுமாம்.

இன்னா செய்யறது? இவன் பேச்சைக் கேட்கக்கூடாது. ஆனா இவன் சீட்டு ஜெயிக்குதே. என் கண்ணை நம்பலாமா? சிவப்பைப் பார்த்ததும் இதே கண்ணுதான். அந்தப் பையனுக்கும் ஏதாவது ஒரு முரசு இருக்கும், எனக்குத் தெரியாத முரசு. தோத்துப் போறது நான் இல்ல, ஐடா. குதிரை தோத்தா நாலு நாள் சிரிப்பாங்க. இது?

ஜனவரி 6

ஐடாவிடமே கேட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சிவப்பு மட்டத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

“நைனா, நீங்க உரிகத்துல டோக்கன் இல்லாம கேஜுல ஏறப் பார்த்தீங்களாமே?”

எட்மண்டின் தங்கை குணசுந்தரி இவளோடு கோயிலில் தையல் படிக்கிறாளாம். ‘யாரோ பாவம், வேலை தேடி வந்த பெரியவர்’ என்று வீட்டில் சொன்னானாம். அடையாளம் கேட்டதும் இவளுக்குப் புரிந்துவிட்டதாம். மூன்று வாரமாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். தாயும்.

அங்கே பிடிவாதமாமே என்றேன். “அவங்க ஏசுபாதத்துக்குத் தரகு கூட்டித் தரமாட்டேன்னாங்களாம். அதான் பிடிவாதம்” என்றாள்.

“சரி, உனக்கு இன்னா தோணுது?”

சிரிப்பு நின்றது. “எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததே இல்ல. நீங்க பார்த்தீங்க, ஏசுபாதம் பார்த்தாரு, குணா தெனம் பார்க்கிறா. நான் ஒருமுறை பேசணும் நைனா.”

நம் வீடுகளில் பெண் பேசிப் பார்ப்பதா? ஞானசுந்தரியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “கோயில் வாசல்ல பேசட்டுமே. பகல்தானே” என்றாள்.

ஜனவரி 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசல் வேப்பமரத்தடியில் பேசினார்கள். நாங்களும் அவன் தாயும் பத்தடி தள்ளி, பிரசங்கத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி. என்ன பிரசங்கம் என்று கேட்டால் மூன்று பேருக்கும் தெரியாது. ஐடா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னான். கடைசியில் அவன் ஏதோ கேட்க, இவளும் யோசித்தாள்.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது, “சரி நைனா” என்றாள்.

என்ன கேட்டாய் என்றேன். சொல்லவில்லை.

ஜனவரி 17

கோயிலில் ஐடா கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். பெயர்களைக் கேட்டதும் முன் பெஞ்சில் ஏசுபாதம் திரும்பி, எல்லாம் என் வேலை என்பதுபோல் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெயரைக் கொண்டுவந்தவன் அவன்தானே. இன்னமும் எனக்குக் குழப்பம்தான்.

ஜனவரி 30, சனி

இன்றைக்குப் பந்தயம். சிவப்பு ஜெயித்ததாம், பாண்டு இல்லையாம். தாமோதரன் சொல்லித்தான் தெரியும். நான் மைதானத்துக்குப் போகவில்லை. நாளைக்கு மூன்றாவது ஓலை. மோதிரத்துக்கு அளவு வாங்க வேண்டும் என்று உரிகத்துக்குப் போயிருந்தேன். ஷிப்ட் மாறுகிற நேரம். எண்ணிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் கை நீட்டித் தடுத்தான்.

“மாமா, கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க.”

நின்றேன்.