மச்சானுக்கு ஊதிய விசில்

தை மாதம், ஞாயிறு இரவு

பொங்கல் ரம்மிப் போட்டியில் நேரம் பார்க்கும் வேலை எனக்கு. இரவுப் பள்ளிக்குப் போவதால், செல்போனில் ஓடும் எண்களை இப்போது படிக்கிறேனே! ஒரு நிமிடத்தில் சீட்டு இறக்காதவருக்கு விசில் ஊதினால் அவர் தோற்றார்.

கடைசி ஆட்டத்தில் மச்சான் சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்காவிடம் பரிசுக் குக்கரோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"போடுங்க மச்சான்."

"இருடா மாப்ள, அவசரத்துல பொறந்தவனே."

நிமிடம் முடிந்தது. ஊதிவிட்டேன். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை.

ஊர் திரும்ப இருவரும் கீரமங்கலத்தில் நின்றபோது பஸ் வந்தது. அதன் ஊர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். மச்சான் படியில் ஏறி மறித்தார்.

"ஊதிராத தம்பி. எங்க மாப்ள படிச்சு முடிக்கட்டும்."

அறந்தாங்கி. முழுதும் படித்த பிறகே ஏறினேன்.