நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்க்க ஆளில்லை

என் பாசமுள்ள லாத்தா,

உங்களுக்கு என் ஸலாம். நீங்கள் அடங்கியிருக்கும் கபுருஸ்தானுக்குப் பெண்கள் வருவது நம் ஊரில் வழக்கமில்லை. இருந்திருந்தால் நேரிலேயே வந்து சண்டை போட்டிருப்பேன். வழியில்லாமல் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. சம்பா அறுப்பு முடிந்து, தெளித்த உளுந்து பனியிலேயே காய்த்துவிட்டது. உங்கள் கொழுந்தனார் இன்னும் குவைத்தில்தான். தினமும் போனில் ஒரே கேள்வி, "சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்கிறேன். வேறென்ன சொல்ல? இவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்திக்கு மட்டும் எப்படி உலை வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே அடுப்படிக்கு வந்தவர்கள் நாம். கண்ட இலையையும் கண்ட பொடியையும் ஆணத்தில் போட்டுப் பார்ப்பது என் பைத்தியம். அதை வாயில் வைத்துத் திட்டுவது உங்கள் வேலை. மீன் ஆணத்தில் கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்ட அன்று என்ன சொன்னீர்கள்? "ஏண்டி மைமூனு, இது ஆணமா, கஷாயமா? மீனுக்கு இருமலா?" இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை நான். ஆனால் பருப்பில் ஜாதிபத்திரி போட்டபோது ஒரு வார்த்தை சொல்லாமல் சட்டியை வழித்தீர்களே, அந்த ஒரு நாளுக்காக எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்குவேன்.

நோன்பு மாதம் வந்தால் எனக்கு நோன்பு. சர்க்கரை மாத்திரையால் உங்களுக்கு இல்லை. கஞ்சிக்கு வெந்தயம், பட்டை, இலை எல்லாம் என் பாடு. நோன்பு வாயால் நான் ருசி பார்க்கக் கூடாதே, அதனால் உப்பு உங்கள் பாடு. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வந்து, அகப்பையில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்பைப் போட்டு மூடிவிட்டுப் போவீர்கள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

இந்த வருஷத்து முதல் நோன்பன்று இளம் நார்த்தை இலையை நரம்பெடுத்து, நூலாக நறுக்கிக் கஞ்சியில் போட்டேன். தேங்காய்ப்பால் ஊற்றியதும் ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், அல்லாவே! எதிர்வீட்டுச் செல்விக்கும் அக்கம்பக்கத்துக்கும் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சியை வாயில் வைத்தேன்.

உப்பே இல்லை, லாத்தா. நீங்கள் வந்து போடுவீர்கள் என்று என் கை அது பாட்டுக்குப் போடாமல் விட்டிருக்கிறது. கோப்பையை வைத்துவிட்டு அழுதேன்.

மறுநாள் செல்வி தூக்கைக் கொடுக்க வந்தாள்.

"கஞ்சி எப்படி இருந்துச்சு?"

"சூப்பர்க்கா. அந்த இலை வாசம் தூக்கலா இருந்துச்சு."

"உப்பு?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நாங்களே போட்டுக்கிட்டோம்க்கா. நீங்க இருக்கிற நெலமையில இதை எப்படிக்கா சொல்றது?"

எனக்கு வந்ததே கோபம்! "என்னைப் பாத்துப் பாவப்படு, வேணாங்கல. என் கஞ்சியைப் பாத்து எதுக்குடி பாவப்படுற?" என்று கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள், நல்ல பெண். மொத்தத் தெருவும் நல்ல தெரு. மண்ணைக் கரைத்துக் கொடுத்தாலும் நன்றாயிருக்கிறது என்பார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் எதைப் போட்டுப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?

அன்றிலிருந்து செல்விதான் வந்து உப்புப் பார்த்துப் போடுகிறாள். "கொஞ்சம் கம்மியோ... இல்லக்கா, சரியாத்தான் இருக்கு" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். ருசியை நாக்கிடம் அல்லவா கேட்க வேண்டும்!

உங்களிடம் என்ன மறைப்பு? உப்புப் போடத் தெரியாதவளா நான்? மற்ற நாளெல்லாம் நான்தானே போடுகிறேன். கஞ்சிக்கு மட்டும் கை அளவு மறந்தா போகும்? கஞ்சிக்கு என்றால் உப்பு ஜாடியைத் திறக்க முடியவில்லை. நானே போட்டுவிட்டால், இனி நீங்கள் வரமாட்டீர்கள் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

நாளைக்குச் செல்வியைக் கூப்பிடமாட்டேன். புதினாவுக்குப் பதில் திருநீற்றுப் பச்சிலை போடுவேன். உப்பையும் நானே போடுவேன். கரித்தாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் திட்டு வாங்கியே வளர்ந்த தங்கச்சி, உங்கள் கொழுந்தன் பெண்சாதி,
மைமூன்