உறை பிரித்த வெள்ளி நாணயங்கள்

என் அன்பு அப்பா,

போன புதன்கிழமை உங்கள் வெள்ளி நாணயங்களை விற்றுவிட்டோம். எல்லாவற்றையும் இல்லை. கோபப்படாமல் முழுவதையும் கேளுங்கள்.

அம்மாவுக்கு அவற்றை முதல் நாளிலிருந்தே பிடிக்காது. "துபாய்ல இருந்துக்கிட்டு தங்கம் வாங்காம யாராவது வெள்ளி வாங்குவாவளா? அதுவும் அமெரிக்காக்காரன் காட்டையும் மலையையும் போட்டது!" என்பாள். நீங்கள் ஜெபல் அலி கிடங்கில் டியூட்டி முடித்து வந்து, புதிதாக வாங்கியதைப் பெயர் சொல்லி மேசையில் வைப்பீர்கள். உள்ளங்கை அகலம், ஐந்து அவுன்ஸ் கனம், ஒவ்வொன்றிலும் ஒரு தேசியப் பூங்கா. "வெள்ளி விலை ஏறும்ட்டி. செட்டா சேர்ந்துட்டா சேகரிக்கிறவன் தேடி வருவான்" என்று அம்மாவைச் சமாதானப்படுத்துவீர்கள்.

சேகரிப்பவர்கள் விரல் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். நீங்களோ எனக்காகப் பதினொன்றை உறை பிரித்தீர்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு மலை என்றால் என்னவென்று வேறு எப்படிச் சொல்வது? யோசமிட்டியின் செங்குத்துப் பாறையில் நகத்தால் ஏறினேன். எல்லோஸ்டோன் காட்டெருமையின் திமிலைத் தடவினேன். எவர்கிளேட்ஸ் சதுப்பில் சிறகு விரித்த பறவைதான் எனக்கு உயிர். "கை பட்டா விலை போயிரும்லா!" என்று அம்மா கத்துவாள். "போனா போட்டும், அவ பாக்கட்டும்" என்பீர்கள். தொடட்டும் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் திடீரென்று கண்ணை மூடியதும், உங்கள் பெயரில் இருந்த எங்கள் விசாக்கள் முடியவும் நாள் குறித்தாகிவிட்டது. எனக்கு வேலை இருந்ததால் கம்பெனி விசா கிடைத்தது. வங்கிச் செயலிகள் பார்வையற்றவர்களுக்குச் சரியாகப் பேசுகின்றனவா என்று காதால் சோதிக்கிற அதே வேலைதான். அம்மாவுக்குத்தான் வழியில்லை. ஷார்ஜாவிலிருந்து மாமா வந்தார். "ரெண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போயிருங்க. காயினை எல்லாம் நான் வித்துத் தாரேன்" என்றார்.

"அம்மா விசாவுக்கு நானே பொறுப்பேத்து ஸ்பான்சர் பண்றேன் மாமா. விசா டெபாசிட்டுக்கும் வீட்டு வாடகைக்கும்தான் விக்கணும். கடைக்கு நானும் வாரேன்."

"நீ வந்து என்னட்டி செய்யப் போற?"

மாமா நல்லவர்தான். ஆனாலும் அந்தக் கேள்வி டேரா கடைத்தெருவுக்குப் போகும் வழியெல்லாம் என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

கடைக்காரர் நடுவயது மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். உறை பிரிக்காதவற்றை மரியாதையாக ஒதுக்கி வைத்தார். பிரித்தவற்றுக்கு, "கை பட்டிருக்கு. வெறும் வெள்ளி விலைதான் கிடைக்கும்" என்றார். ஒவ்வொன்றாக எடை போட்டுச் சரி என்றார். திருப்பிக் கொடுத்ததை நான் மேசையில் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பறவை நாணயத்தில் விரல் நின்றுவிட்டது. மற்றவற்றைவிட அது ஒரு மயிரிழை தடிமன். விளிம்பு எழுத்துகளும் மற்றவற்றில் இருப்பதுபோல ஆழமாகக் குழிந்திருக்கவில்லை. சிறுவயதில் நான் நாணயத்தின் முகத்தை மட்டுமே தடவியிருக்கிறேன் அப்பா. விளிம்பைப் பற்றி யோசித்ததே இல்லை.

மாமாவின் காதில் சொன்னேன். அவர் என் கையை அழுத்தினார். "வாயத் தொறக்காத. அவரே எடை போட்டுட்டாரு. ஒண்ணு போலின்னு தெரிஞ்சா மொத்தத்தையும் சந்தேகப்படுவாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மாவின் விசாவே அந்த மேசைமேல்தான் கிடந்தது. இருந்தும் அந்த நாணயத்தைத் தனியே நகர்த்தினேன். "இது அசல் இல்ல சார்."

"எடை சரியா இருக்கே?" என்று அவர் சிரித்தார்.

"உள்ள லேசான உலோகமா இருக்கும், எடையைச் சரிக்கட்டத்தான் தடிமனாச் செஞ்சிருக்காங்க. அளந்து பாருங்க."

அளந்தார். சிரிப்பு நின்றது. பிறகு சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தார். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு, உள்ளே வேறு உலோகம். மாமா பயந்தது போலவே, "இனி எல்லாத்தையும் பாக்கணும்" என்றார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மாமா கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மற்றவை அத்தனையும் அசல். உறை பிரிக்காதவற்றை அவர் சேகரிப்பாளர் விலைக்கே எடுத்துக்கொண்டார். எங்கள் தேவைக்கு அதுவே போதும். பிரித்தவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது அவர், "இனி ஏதாவது விக்கணும்னா மோளே, நீயே நேரா கூப்பிட்டாப் போதும், மாமாவைச் சிரமப்படுத்த வேண்டாம்" என்றார். மாமா சத்தமாகச் சிரித்துவிட்டார். காரில் ஏறியதும், "உங்கப்பன் வாங்குனதுலயே ஒன்னயத்தான் சரியா வாங்கிருக்காரு" என்றார். அது பாராட்டுதான்.

சவூதியின் தம்மாமிலிருந்து ஊர் திரும்பிய நண்பர் ஒருவரிடம் அந்தப் பறவையை வாங்கியதாகச் சொல்லியிருந்தீர்கள். ஏமாந்தது உங்களுக்குத் தெரியுமா அப்பா? தெரிந்துதான், விற்கிற கூட்டத்தில் சேர்க்காமல் உறையைப் பிரித்து என் கையில் கொடுத்தீர்களா? அம்மாவிடம் கேட்டேன். "அந்த மனுசன் எதச் சொல்லிட்டுச் செஞ்சாரு?" என்று எழுந்து போய்விட்டாள்.

இன்று டைப்பிங் சென்டரில் அம்மாவின் விசாவுக்கு விண்ணப்பித்தோம். படிவம் நிரப்பியவர் மாமாவைப் பார்த்து, "ஸ்பான்சர் நீங்களா?" என்று கேட்டார். மாமா பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "என் மவ" என்றாள், அந்த அறை முழுக்கக் கேட்கும்படி.

வருஷா வருஷம் அந்த விசாவை நானே புதுப்பிப்பேன் அப்பா. ஊருக்குப் போக வேண்டும் என்று அம்மா தானாகச் சொல்கிற நாளில் டிக்கெட்டும் நானே எடுப்பேன். அதுவரை எங்களுக்காக வேறு யாரும் தீர்மானிக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள், அம்மாவின் ஸ்பான்சர்,
கோமதி